அத்தியாயம் 9: டீசல் காரின் எஞ்சின் கணினியை ரீமேப் செய்தல்

டீசல் எஞ்சினின் எந்தப் பாகத்தையும் கழற்றாமல், அதை ஆளும் கணினிக்குள் தயாரிப்பாளர் எழுதி வைத்திருக்கும் எண்களை மட்டும் திருத்தி, அதே எஞ்சினிடமிருந்து கூடுதல் முறுக்குவிசையையும் திறனையும் பெறும் வேலைக்கு ரீமேப் என்று பெயர். அந்த எண்கள் வரிசைகளும் நெடுவரிசைகளுமான அட்டவணைகளாக அடுக்கப்பட்டிருப்பதாலும், அந்த அட்டவணைக்கு மேப் என்ற சொல்லே தொழிலில் நிலைத்துவிட்டதாலும், அதைத் திருத்தி எழுதுவது ரீமேப் ஆயிற்று. எரிபொருள் பம்பின் திருகைத் திருகி டீசலைக் கூட்டிவிடும் பழைய லாரிப் பட்டறை வழக்கத்தின் மறுபிறவி இது என்று சொல்வதில் பாதி உண்மை உண்டு. திருகு எல்லா வேகத்திலும் டீசலை ஒரேயடியாகக் கூட்டியது. மேப்போ நிமிடத்துக்கு 2000 சுற்றில் ஓர் அளவும் 2250 சுற்றில் இன்னோர் அளவும் வைக்க இடம் தருகிறது. மீதிப் பாதியில் இரண்டும் ஒன்றே: டீசலைக் கூட்டுவது எப்போதுமே எளிது, அதை எரிக்கக் காற்று இருக்கிறதா, எரிந்த பின் எழும் வெப்பத்தை உலோகம் தாங்குமா என்பதே அன்றும் இன்றும் கேள்வி.

இந்த அத்தியாயம் அந்தக் கேள்வியை 1.3 லிட்டர் மல்டிஜெட் எஞ்சினை வைத்து ஆராய்கிறது. ஃபியட் உருவாக்கிய இந்த 1248 கன சென்டிமீட்டர் எஞ்சின், இந்தியாவில் மாருதியின் ஸ்விஃப்ட், டிசையர், ரிட்ஸ், எர்டிகா, சியாஸ், ஃபியட்டின் புன்டோ, லினியா, டாடாவின் விஸ்டா, மான்ஸா எனப் பல நிறுவனங்களின் கார்களில் பொருத்தப்பட்டு, வாகன ஆர்வலர்களிடையே 'தேசிய எஞ்சின்' என்ற பட்டப்பெயரையே பெற்றுவிட்டது. 2020 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் 6 மாசு விதி நடைமுறைக்கு வந்தபோது மாருதி டீசல் கார்களைக் கைவிட்டாலும், பழைய கார்கள் சாலைகளில் ஏராளமாக ஓடுகின்றன. உத்தரவாதக் காலம் முடிந்துவிட்ட அவற்றின் உரிமையாளர்களே ரீமேப்பை நாடி அதிகம் வருகின்றனர்.

ஒரே எஞ்சின், இரண்டு திறன்

ஸ்விஃப்டில் இந்த எஞ்சின் 4000 சுற்றில் 75 பி.எஸ். திறனையும் 2000 சுற்றில் 190 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையையும் தருகிறது. எர்டிகாவில் அதே எஞ்சின் 4000 சுற்றில் 90 பி.எஸ்., 1750 சுற்றில் 200 நியூட்டன் மீட்டர். பி.எஸ். என்பது 735.5 வாட் கொண்ட மெட்ரிக் குதிரைத்திறன். முறுக்குவிசை என்பது எஞ்சின் தன் அச்சைத் திருகும் வலு. திறன் என்பது அந்த வலு எவ்வளவு விரைவாகச் செலவாகிறது என்பது. ஒன்று தெரிந்தால் மற்றொன்றைக் கணக்கிட்டுவிடலாம்: கிலோவாட்டில் உள்ள திறனை 9549ஆல் பெருக்கிச் சுற்று எண்ணிக்கையால் வகுத்தால் முறுக்குவிசை கிடைக்கும்.

இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தால் விற்பனைக் கையேடு சொல்லாத ஒன்று புலப்படுகிறது. 75 பி.எஸ். என்பது 55.2 கிலோவாட், ஆகவே 4000 சுற்றில் ஸ்விஃப்டின் முறுக்குவிசை 132 நியூட்டன் மீட்டர்தான். 90 பி.எஸ். எஞ்சின் அதே சுற்றில் 158 தருகிறது. உச்ச முறுக்குவிசையில் இரண்டுக்கும் வேறுபாடு வெறும் 10. மேல் சுற்றுகளில் 26. நடுச்சுற்றில் இரண்டும் ஏறத்தாழ ஒன்றாக இழுக்க, மேலே போகப் போக ஒன்று மட்டும் மூச்சு வாங்குகிறது. அதற்குக் காரணம் மென்பொருள் மட்டும் அன்று. 75 பி.எஸ். எஞ்சினில் நிலையான வடிவமுள்ள டர்போவும், 90 பி.எஸ். எஞ்சினில் வெளியேறும் புகை டர்பைனில் மோதும் கோணத்தைத் தகடுகளால் மாற்றிக்கொள்ளும் மாறுவடிவ டர்போவும் உள்ளன. 'இரண்டும் ஒரே எஞ்சின்தானே, சாஃப்ட்வேரால் பூட்டி வைத்திருக்கிறார்கள், திறந்துவிட்டால் போதும்' என்று கடைகளில் கேட்கும் வாதம் இந்த ஒரு பாகத்திடம் தோற்றுப்போகிறது.

மென்பொருள் வேறுபாடே பெரும்பங்கு வகிக்கும் எஞ்சின்களும் இல்லாமல் இல்லை. ஃபோக்ஸ்வாகனின் 1.5 லிட்டர் டி.டி.ஐ. எஞ்சின் இந்தியாவில் 90, 105, 110 பி.எஸ். என மூன்று அளவுகளில் விற்கப்பட்டது. ஆனால் 2016இல் திறன் 105இலிருந்து 110க்கு ஏறியபோதும் முறுக்குவிசை 250 நியூட்டன் மீட்டரிலேயே நின்றதைக் கவனிக்க வேண்டும். அந்தக் கார்களில் சிலவற்றுக்குத் தரப்பட்ட ஏழு வேக டி.எஸ்.ஜி. கியர்பாக்ஸின், அதாவது உலர் இரட்டைக் கிளட்ச் கொண்ட தானியங்கிக் கியர்பாக்ஸின், தாங்கு அளவும் 250தான். தயாரிப்பாளர் விட்டு வைத்திருக்கும் இடைவெளி எஞ்சினில் இருந்தாலும் கியர்பாக்ஸில் இல்லாமல் போகலாம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

மேப்புக்குள் என்ன இருக்கிறது

காமன் ரெயில் டீசல் எஞ்சினில், உயரழுத்தப் பம்பு டீசலை ஒரு பொதுக் குழாயில் அழுத்தித் தேக்கி வைக்க, கணினி சொல்லும் கணத்தில் ஒவ்வொரு சிலிண்டரின் இன்ஜெக்டரும் திறந்து மூடுகிறது. கார்களைப் பொறுத்தவரை 1997இல் ஆல்ஃபா ரோமியோ 156இல் முதன்முதலாகச் சாலைக்கு வந்த இந்த முறையில், டீசலை எப்போது, எவ்வளவு நேரம், எந்த அழுத்தத்தில் தெளிப்பது என்ற மூன்றும் ஒன்றையொன்று சாராமல் கணினியின் கைக்கு வந்துவிட்டன. மல்டிஜெட் என்ற பெயரே, ஒரு சுழற்சிக்குரிய டீசலை ஒரே வீச்சில் தெளிக்காமல் பல சிறு வீச்சுகளாகப் பிரித்துத் தெளிப்பதைச் சுட்டுகிறது. முதன்மை வீச்சுக்கு முன் தெளிக்கப்படும் ஒன்றிரண்டு மில்லிகிராம் டீசல் எரிதலை மெல்லத் தொடக்கி வைப்பதால்தான், பழைய டீசல்களின் அந்தக் கடகட ஒலி இதில் இல்லை.

ஓட்டுநர் ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது டீசலுக்கும் பாதத்துக்கும் நேரடித் தொடர்பு எதுவும் இல்லை. பெடலின் நிலையையும் சுற்று எண்ணிக்கையையும் வைத்து, ஓட்டுநர் எவ்வளவு முறுக்குவிசை கேட்கிறார் என்று முதல் மேப் மதிப்பிடுகிறது. இதை ஓட்டுநர் விருப்ப மேப் எனலாம். அந்தக் கோரிக்கை பல வரம்பு மேப்புகளைக் கடந்து வர வேண்டும். முறுக்குவிசை வரம்பு, கியர்பாக்ஸையும் கிளட்சையும் மனத்தில் வைத்து ஒரு கூரை போடுகிறது. கரும்புகை வரம்பு, அந்தக் கணத்தில் உள்ளே வந்திருக்கும் காற்றின் நிறையைப் பார்த்து, அதற்கு மேல் டீசல் இல்லை என்று கறாராகச் சொல்கிறது. குளிர்விப்பு நீரின் சூடு, உள்ளிழுக்கும் காற்றின் சூடு, வெளிக் காற்றழுத்தம் ஆகியவற்றுக்கும் தனித்தனித் திருத்தங்கள் உண்டு. இவை எல்லாவற்றிலும் எது மிகக் குறைந்த அளவைச் சொல்கிறதோ அதுவே வெல்லும். பிறகு அந்த அளவு, இன்ஜெக்டர் எத்தனை மைக்ரோவினாடி திறந்திருக்க வேண்டும் என்ற கால அளவாக மாற்றப்படுகிறது. மேப்புகளின் பெயரும் எண்ணிக்கையும் பாஷ், மேக்னெட்டி மரெல்லி, டெல்ஃபை எனக் கணினிக்குக் கணினி மாறும். ஸ்விஃப்டில் உள்ளது மேக்னெட்டி மரெல்லியின் கணினி.

கட்டங்களுக்கு இடைப்பட்ட நிலைகளைக் கணினி விகிதப்படி இட்டு நிரப்புகிறது. பெடல் பாதி மிதிபட்டிருக்கையில் 1750 சுற்றுக்கு 22 மில்லிகிராம், 2000 சுற்றுக்கு 24 மில்லிகிராம் என்று எழுதப்பட்டிருப்பதாகக் கொண்டால், 1875 சுற்றில் 23 மில்லிகிராம் கிடைக்கும். ஒரு கட்டத்தை மட்டும் 30 என்று உயர்த்திவிட்டு அண்டைக் கட்டங்களை அப்படியே விட்டால், அந்தச் சுற்றைத் தாண்டும்போதெல்லாம் கார் முன்னே தள்ளிப் பின்னே இழுக்கும். நல்ல ரீமேப்பைக் கணினித் திரையில் முப்பரிமாணப் படமாகப் பார்த்தால் அது சரிவான மணல்மேடு போல இருக்க வேண்டும், படிக்கட்டு போல இருக்கக் கூடாது.

ஓட்டுநர் விருப்ப மேப்பைப் பற்றி ஓர் எச்சரிக்கை தேவைப்படுகிறது. முப்பது சதவீதப் பெடலுக்கே ஐம்பது சதவீதத்துக்குரிய கோரிக்கையைத் தரும்படி இதை மட்டும் திருத்திவிட்டாலே, கடை வாசலிலிருந்து ஒரு சுற்றுப் போய் வருபவருக்குக் காரின் பிக்கப் இரட்டிப்பானது போலத் தோன்றும். பெடலை முழுவதும் மிதித்தால் எஞ்சின் பழைய எஞ்சின்தான். பெடலின் மின் இணைப்பில் இடையே செருகி விற்கப்படும் சிறு பெட்டிகள் செய்வதும் இதையே. ஓட்டிப் பார்த்த உணர்வை வைத்து ரீமேப்பை மதிப்பிடுவது, ஆகவே, ஏமாறுவதற்கு மிக எளிய வழி.

காற்றின் கணக்கு

190 நியூட்டன் மீட்டருக்கு எவ்வளவு டீசல் செலவாகிறது என்று பார்ப்பது இந்த இடத்தில் பயன்தரும். 2000 சுற்றில் அந்த முறுக்குவிசை 39.8 கிலோவாட் திறனுக்குச் சமம். இத்தகைய எஞ்சின் தன் நல்ல நிலையில் ஒரு கிலோவாட் மணிக்குச் சுமார் 210 கிராம் டீசல் குடிக்கும் என்று கொண்டால், மணிக்கு 8.4 கிலோ. நான்கு சிலிண்டர்களும் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை டீசல் பெறுவதால், ஒரு மணி நேரத்தில் 2,40,000 தெளிப்புகள். வகுத்தால் ஒரு தெளிப்புக்கு 35 மில்லிகிராம், அதாவது சிறிய ஒரு சொட்டு. இந்தச் சொட்டு புகையின்றி எரிய, அதைப் போல 18 மடங்கு நிறையுள்ள காற்று வேண்டும் என்று வைத்துக்கொள்ளலாம். வேதியியல் கணக்குப்படி 14.5 மடங்கே போதும் என்றாலும், தெளிக்கப்பட்ட டீசல் காற்றோடு முழுமையாகக் கலக்க நேரம் இல்லாததால் காற்றை மிச்சமாகவே வைக்க வேண்டியிருக்கிறது. ஆக, ஒரு சிலிண்டருக்கு 630 மில்லிகிராம் காற்று.

சிலிண்டரின் கொள்ளளவோ 312 கன சென்டிமீட்டர். டர்போ இல்லாமல் அதில் 350 மில்லிகிராம் காற்று நுழைந்தாலே பெரிது. மீதியை டர்போ திணிக்க வேண்டும். அதற்கு உள்ளிழுக்கும் குழாயில், வளிமண்டலத்தையும் சேர்த்து, ஏறத்தாழ 2.2 பார் அழுத்தம் தேவைப்படும். இப்போது முறுக்குவிசையை 220 ஆக்க விரும்பினால் டீசல் 40 மில்லிகிராமைத் தாண்டும், காற்று 730 மில்லிகிராமை எட்ட வேண்டும், அழுத்தம் 2.5 பாருக்கு மேல் போக வேண்டும். விறகைத் திணித்துவிட்டு ஊதுகுழலை எடுக்காமல் இருந்தால் அடுப்பு புகைவது போலத்தான், டர்போ அழுத்த மேப்பைத் தொடாமல் கரும்புகை வரம்பை மட்டும் தளர்த்தினால் காரின் பின்னால் கரும்புகை எழும். அந்தப் புகையைத் திறனின் அடையாளமாகப் பெருமையுடன் காட்டுவோர் உண்டு. அது உண்மையில் காசு கொடுத்து வாங்கி எரியாமல் போன டீசல்.

டர்போ அழுத்தத்தைக் கூட்டினால் போதுமே என்றால், அங்கும் சுவர் உண்டு. இத்தகைய சிறு டர்போக்கள் நிமிடத்துக்கு இரண்டு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலக்கூடியவை. தம் எல்லைக்கு அப்பால் தள்ளப்படும்போது அவை காற்றை அழுத்துவதைவிடச் சூடாக்குவதையே அதிகம் செய்கின்றன, சூடான காற்று அழுத்தம் அதிகமாக இருந்தும் நிறையில் குறைகிறது. உதகமண்டலம் இந்தக் கணக்கை நன்றாக விளக்கும். கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2240 மீட்டர் உயரத்தில் இருக்கும் அந்த ஊரில் வளிமண்டல அழுத்தம் 0.77 பார் அளவே. சமவெளியில் 2.5 பாரை எட்ட டர்போ காற்றை இரண்டரை மடங்கு அழுத்தினால் போதும். உதகையில் அதே 2.5 பாருக்கு 3.2 மடங்குக்கு மேல் அழுத்த வேண்டும். தயாரிப்பாளரின் மேப், வெளிக் காற்றழுத்தம் குறையக் குறைய டர்போவின் இலக்கையும் குறைத்து அதைக் காப்பாற்றுகிறது. மேட்டுப்பாளையத்தில் சீறிய கார் குன்னூரைத் தாண்டியதும் சோர்வது அதனால்தான். அந்தச் சோர்வைப் போக்குகிறோம் என்று அந்தத் திருத்த மேப்பை நீக்கிவிடும் ரீமேப், மலை ஏறிய முதல் நாளே டர்போவின் ஆயுளில் கை வைக்கிறது. மலையூர்களுக்கு அடிக்கடி போகும் உரிமையாளர், இந்த ஒரு மேப் தொடப்படவில்லை என்பதைக் கேட்டு உறுதி செய்துகொள்வது நல்லது.

மேல் சுற்றுகளில் இடர் வேறு வடிவில் வருகிறது. 2000 சுற்றில் கிராங்க் அச்சு ஒருமுறை சுழல 30 மில்லிவினாடி ஆகும். 4000 சுற்றில் 15 மட்டுமே. இன்ஜெக்டர் ஒரு மில்லிவினாடி திறந்திருந்தால், முதல் நிலையில் அச்சு 12 பாகை திரும்பியிருக்கும், இரண்டாவதில் 24 பாகை. எனவே மேல் சுற்றில் டீசலைக் கூட்டத் திறப்பு நேரத்தை நீட்டிக்கொண்டே போனால், பிஸ்டன் கீழே இறங்கத் தொடங்கிய பிறகும் டீசல் தெளிக்கப்பட்டு, தள்ளுவதற்குப் பயன்படாத வெப்பமாக எரிந்து, அப்படியே டர்பைனுக்குள் போகும். ரெயில் அழுத்தத்தை உயர்த்திக் குறுகிய நேரத்தில் தெளிப்பதும், தெளிப்பைச் சற்று முன்னதாகத் தொடங்குவதும் இதற்கு மாற்று. முதலாவதற்குப் பம்பின் எல்லையும், இரண்டாவதற்குச் சிலிண்டருக்குள் எழும் அழுத்தமும் வரம்பு விதிக்கின்றன. டர்போவுக்கு முன் அளக்கப்படும் புகையின் வெப்பநிலை, நீடித்த முழுச்சுமையில் 750 டிகிரி செல்சியஸைத் தாண்டக் கூடாது என்பது டியூனர்களிடையே வழங்கும் எச்சரிக்கை அளவு. அலுமினியம் 660 டிகிரியில் உருகும் உலோகம் என்பதையும், பிஸ்டன்கள் அதன் கலவையால் ஆனவை என்பதையும் நினைத்தால், இந்த எச்சரிக்கையை மிகையென்று தள்ள முடியாது. நகருக்குள் ஓடும் காரில் இந்த வெப்பம் சேர நேரமே இருக்காது. நால்வழிச் சாலையில் மே மாத நண்பகலில் ஐந்து பேருடன் நெடுநேரம் முழு ஆக்ஸிலரேட்டரில் போகும் காரில்தான் பழுது வெளிப்படும். ரீமேப் செய்து ஆறு மாதம் எதுவும் ஆகவில்லை என்பது, ஆகவே, பெரிய சான்று அன்று.

வேலைக்கு முன்

நோயுள்ள எஞ்சினுக்கு ரீமேப் மருந்தாகாது. பிக்கப் குறைந்துவிட்டது என்று வரும் கார்களில் ஏர் ஃபில்டர் அடைப்பு, டர்போவிலிருந்து காற்றைக் கொண்டுவரும் ரப்பர் ஹோஸில் வெடிப்பு, புகை மறுசுழற்சி வால்வில் கரி, காற்றளவு சென்சாரில் அழுக்கு ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று இருப்பது சாதாரணம். சில நூறு ரூபாயில் முடியும் அந்த வேலையைச் செய்தாலே தொலைந்த பிக்கப் திரும்பிவிடும். முதலில் ஸ்கேனர் மூலம் பிழைக் குறியீடுகளைப் படித்து, டர்போவின் இலக்கு அழுத்தத்தையும் உண்மை அழுத்தத்தையும், ரெயிலின் இலக்கு அழுத்தத்தையும் உண்மை அழுத்தத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். பழைய மேப்பிலேயே உண்மை அளவு இலக்கை எட்டாமல் பின்தங்கினால், இலக்கை உயர்த்துவதில் பொருள் இல்லை. நான்கு இன்ஜெக்டர்களுக்கும் கணினி தரும் திருத்த அளவுகளில் ஒன்று மட்டும் மற்றவற்றிலிருந்து விலகி நின்றால், அந்த இன்ஜெக்டர் தேய்ந்திருக்கிறது. அதைச் சரி செய்யாமல் டீசலைக் கூட்டுவது அந்தச் சிலிண்டரின் பிஸ்டனைப் பணயம் வைப்பது. மல்டிஜெட் எஞ்சினில் டைமிங் பெல்ட்டுக்குப் பதில் சங்கிலி உள்ளதால், ஆயில் மாற்றத்தைத் தள்ளிப்போட்ட காரில் சங்கிலியின் ஒலியையும் கேட்டுவிட வேண்டும்.

கிளட்சைச் சோதிப்பது எளிது. மேல் கியரில் குறைந்த வேகத்தில் போகும்போது ஆக்ஸிலரேட்டரை முழுவதும் மிதித்தால், சுற்றுமானி முள்ளும் வேகமானி முள்ளும் சேர்ந்தே ஏற வேண்டும். சுற்று மட்டும் குதித்து வேகம் பின்தங்கினால் கிளட்ச் வழுக்குகிறது. 190 நியூட்டன் மீட்டருக்கே வழுக்கத் தொடங்கிவிட்ட கிளட்ச் 220ஐ ஒரு மாதம் கூடத் தாங்காது.

படித்தல், திருத்தல், எழுதுதல்

கணினியில் உள்ள கோப்பைப் படிக்க இரண்டு வழிகள் உண்டு. ஸ்டீயரிங்குக்குக் கீழே உள்ள ஓ.பி.டி. சாக்கெட் வழியே படிப்பது ஒன்று. கணினியைக் காரிலிருந்து கழற்றி மேசையில் வைத்து, தேவையானால் மூடியைத் திறந்து, சர்க்யூட் பலகையோடு நேராக இணைத்துப் படிப்பது மற்றொன்று. சில கணினிகள் ஓ.பி.டி. வழியே முழுக் கோப்பையும் தருவதில்லை. அப்போது சில கருவிகள், கணினியின் மென்பொருள் எண்ணை மட்டும் படித்துவிட்டு, அந்த எண்ணுக்குரிய கோப்பைத் தம் களஞ்சியத்திலிருந்து எடுத்துத் தருகின்றன. அது அந்தக் காரிலிருந்து வந்த கோப்பு அன்று என்பதை உரிமையாளரிடம் சொல்லிவிடுவதே நேர்மை.

எழுதும் நேரத்தில் பேட்டரியின் மின்னழுத்தம் தளர்ந்தால் கணினி பாதி எழுதிய நிலையில் செயலற்றுப்போகும். எனவே இடைவிடாத மின்சாரம் தரும் சார்ஜரை இணைக்காமல் எழுதத் தொடங்கும் கடையிலிருந்து சாவியைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். கோப்பின் எண்களைக் கூட்டிச் சரிபார்க்கும் செக்சம் என்ற காவல் எண்ணும் உண்டு. மேப்பைத் திருத்தியதும் அதையும் திருத்தாவிட்டால், கார் ஸ்டார்ட் ஆகாமலே போகலாம். கருவியும் மென்பொருளும் இதைத் தாமே செய்துவிடுவதால், இதில் தேர்ச்சி பெற்றவர் எல்லாரும் மேப்பிலும் தேர்ச்சி பெற்றவர் என்று பொருளாகாது. படிப்பதும் எழுதுவதும் சில மணி நேரத்தில் கற்கக்கூடியவை; எந்தக் கட்டத்தில் எந்த எண் என்பதற்கு ஆண்டுகள் ஆகும். எங்கோ ஒருவர் திருத்தி அனுப்பும் கோப்பை இங்கே எழுதிக் கொடுப்பவரே பல கடைகளில் டியூனர் என்று அழைக்கப்படுகிறார்.

திருத்தும் முறையில் ஒரு குறுக்கு வழியை அடையாளம் காணத் தெரிந்திருக்க வேண்டும். வரம்பு மேப்புகள் பலவற்றையும் ஒன்றுக்கொன்று இசைவாகத் திருத்துவது மெனக்கெட்ட வேலை என்பதால், சிலர் அவற்றைத் தொடாமல், இத்தனை மில்லிகிராமுக்கு இத்தனை மைக்ரோவினாடி என்று சொல்லும் கால மேப்பை மட்டும் நீட்டிவிடுகிறார்கள். கணினி 35 மில்லிகிராம் தெளிக்கிறோம் என்று நம்பிக்கொண்டிருக்க, உள்ளே போவது 40. எல்லா வரம்புகளும் பொய்க் கணக்கின் மேல் நிற்கின்றன. இதன் விளைவு ஒன்று வேடிக்கையானது: டாஷ்போர்டில் காட்டப்படும் மைலேஜும் அதே கணக்கிலிருந்து வருவதால், டீசல் கூடுதலாகச் செலவாகும்போதே லிட்டருக்கு இரண்டு கிலோமீட்டர் கூடியதாகத் திரை காட்டும். இழுவையும் கூடி மைலேஜும் கூடியதென்று உரிமையாளர் மகிழ்ந்து நாலு பேரிடம் சொல்லவும் செய்வார். டாங்க்கை முழுதாக நிரப்பி, ஓட்டி, அதே பம்பில் மீண்டும் முழுதாக நிரப்பி, போட்ட லிட்டரை ஓடிய தூரத்தோடு ஒப்பிடும் பழைய முறையை மூன்று நான்கு முறை செய்தால்தான் உண்மை தெரியும்.

ரெயில் அழுத்த சென்சாரின் இணைப்பில் செருகப்படும் டியூனிங் பாக்ஸ் என்பதும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே. அழுத்தம் குறைவாக இருப்பதாகக் கணினியை நம்பவைத்து, அது அழுத்தத்தை உயர்த்தும்படி செய்கிறது. கழற்றி வைத்துவிடலாம் என்பது அதன் ஒரே சிறப்பு.

முன்னும் பின்னும் சேஸிஸ் டைனோவில், அதாவது காரின் சக்கரங்களை உருளைகள் மேல் ஓடவிட்டுத் திறனை அளக்கும் மேடையில், அளந்து பார்ப்பதே முறையானது. ஒரே மேடை, ஒரே நாள், ஒரே கியர் என்பவை கட்டாயம். வேறொரு மேடையில் எடுத்த தாளோடு ஒப்பிடுவதில் பயனில்லை. விளம்பரங்கள் சொல்லும் இருபது முப்பது சதவீதத்தைத் தேடுவதைவிட, வளைகோட்டின் வடிவைப் பார்ப்பது நலம். 1500 சுற்றிலேயே முறுக்குவிசை சுவர் போல எழுந்தால் அது கிளட்சுக்கும் கனெக்டிங் ராடுக்கும், சில கார்களில் உள்ள இரட்டை நிறை ஃபிளைவீலுக்கும் கேடு. 75 பி.எஸ். மல்டிஜெட்டில், உச்ச முறுக்குவிசையைச் சிறிதளவே கூட்டி, அது 2000 சுற்றிலிருந்து 3000 சுற்று வரை சரியாமல் நீளும்படி செய்வதே அறிவுடைய ரீமேப். ஓவர்டேக் செய்யும்போது கைகொடுப்பது அந்த நீட்சிதான்.

சட்டம் பற்றி

1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 52ஆம் பிரிவில், பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்தவற்றிலிருந்து மாறுபடும்படி வாகனத்தை மாற்றக் கூடாது என்கிறது. 2019ஆம் ஆண்டின் திருத்தம், அனுமதியற்ற மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு ஐயாயிரம் ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்க வழி செய்கிறது. கண்ணுக்குத் தெரியாத மாற்றம் என்பதால் ரீமேப் இதற்கு வெளியே நிற்பதாகக் கருதுவது தவறு. ஃபோக்ஸ்வாகன் தன் டீசல் கார்களின் கணினியில் மறைத்து வைத்திருந்த மென்பொருள் 2015 செப்டம்பரில் அமெரிக்காவில் வெளிப்பட்டு, உலகெங்கும் சுமார் 1.1 கோடி கார்களைப் பற்றிய வழக்காக வளர்ந்த பிறகு, மேப் என்பது மாசு அனுமதியின் ஒரு பகுதி என்பதில் ஐயத்துக்கே இடமில்லை. புகைச் சான்றுக்கான சோதனையில், நின்ற நிலையில் ஆக்ஸிலரேட்டரை முழுவதும் மிதித்துப் புகையின் அடர்த்தி அளக்கப்படுகிறது, பாரத் ஸ்டேஜ் 4 கார்களுக்கு அது 50க்குள், அதற்கு முந்தையவற்றுக்கு 65க்குள் இருக்க வேண்டும். புகை வடிகட்டியையும் மறுசுழற்சி வால்வையும் மென்பொருளில் அணைத்துவிடும் சேவை ரீமேப்போடு சேர்த்து விற்கப்பட்டாலும், அது இந்நூலின் எல்லைக்குள் வராது. காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவிக்காமல் செய்த மாற்றம், விபத்துக்குப் பின் இழப்பீட்டை மறுக்கக் காரணமாகலாம்.

வேலைக்குப் பின்

முதல் ஆயிரம் கிலோமீட்டருக்குள் மீண்டும் ஒருமுறை பதிவுகளை எடுத்து, டர்போவின் உண்மை அழுத்தம் இலக்கைத் தாண்டிக் குதிக்கிறதா, குளிர்விப்பு நீரின் சூடு முன்பைவிட உயர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஆயில் மாற்றும் இடைவெளியைக் கையேடு சொல்வதைவிடக் குறைத்துக்கொள்வதும், நெடுஞ்சாலை ஓட்டத்துக்குப் பின் எஞ்சினை உடனே அணைக்காமல் ஓரிரு நிமிடம் ஐடிலில் விடுவதும் டர்போவின் அச்சுக்கு உதவும். அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் நிலையத்தில் கணினிக்குப் புதுப்பிப்பு ஏற்றினால் ரீமேப் அழிந்துவிடும் என்பதையும் முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும்.

காரிலிருந்து முதலில் படித்த, திருத்தப்படாத கோப்பை டியூனரிடமே விட்டுவிடாமல் உரிமையாளர் கேட்டு வாங்கி, கணினியின் வன்பொருள் எண், மென்பொருள் எண், படித்த நாள், அன்றைய கிலோமீட்டர் ஆகியவற்றைக் குறித்து, இரண்டு இடங்களில் சேமித்து வைக்க வேண்டும். கடை மூடிப்போனாலும் ஊர் மாறினாலும் காரைப் பழைய நிலைக்குக் கொண்டுவர அது ஒன்றே போதும். காரை விற்கும்போது அந்தக் கோப்பையே மீண்டும் எழுதிவிட்டு, ஆர்.சி. புத்தகத்தோடும் சர்வீஸ் ரசீதுகளோடும் அதன் நகலையும் வாங்குபவரிடம் கொடுத்து, இன்ன நாளிலிருந்து இன்ன நாள் வரை கார் ரீமேப்பில் ஓடியது என்று சொல்லிவிட வேண்டும்.